வில்லில் 1953 என்று இருந்தால் அது 1953-ம் வருஷத்து வில் இல்லை

பழைய அமெரிக்க வில் ஒன்றை விற்க வைத்திருப்பவரிடம் "இது எந்த வருஷத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பேர் ஆர்ச்சரி (Bear Archery) கம்பெனியின் வில்லாக இருந்தால் "1953" என்று பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. நான் இருப்பது மிச்சிகனில், அந்தக் கம்பெனி வளர்ந்த மாநிலத்தில். கராஜ் சேல், சர்ச் வாசலில் போடும் கடை, இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் எஸ்டேட் சேல் என்று வார இறுதிகளில் சுற்றுகிறவன் என்பதால் இந்த 1953-ஐக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. விற்பவர்கள் பொய் சொல்வதில்லை. வில்லிலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. சின்ன எழுத்தில் ஒரு அமெரிக்க பேடன்ட் (காப்புரிமை) எண், அதை ஒட்டி "கனடா 1953". வில்லில் வேறு ஆண்டே இல்லாதபோது கண் அங்கேதான் போய் நிற்கும்.

அது கனடாவின் பேடன்டைக் குறிக்கும் ஆண்டு, அவ்வளவுதான். கூடவே இருக்கும் அமெரிக்க எண் 2,613,660. அது 1952-ல், கம்பெனியை நிறுவிய ஃபிரெட் பேருக்குக் கிடைத்தது. அந்தக் காலத்து அமெரிக்க பேடன்டின் ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 17 வருடம். உரிமை உயிரோடு இருக்கும்வரை அந்த எண்ணைப் பொருளின் மேல் போட்டுக்கொண்டே இருப்பதுதான் கம்பெனிக்குப் பாதுகாப்பு. அதனால் 1950-களின் நடுவில் செய்த வில்லிலும் அந்த வரி இருக்கிறது, 1960-களின் கடைசியில் செய்ததிலும் இருக்கிறது. பேடன்ட் வரி ஒரு விஷயத்தை மட்டும் உறுதியாகச் சொல்லும்: வில் அந்த ஆண்டுக்கு முந்தியது இல்லை. எவ்வளவு பிந்தியது என்று அதைக் கேட்டுப் பயனில்லை.

பழைய வில் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு குறியும் யாருக்காக எழுதப்பட்டது என்று யோசியுங்கள். பேடன்ட் எண் போட்டிக் கம்பெனிக்காக. சீரியல் நம்பர் தொழிற்சாலையின் கணக்குப் பிள்ளைக்காக. மாடல் பெயர் கடையில் நிற்கும் வாடிக்கையாளருக்காக. நீளமும் பவுண்டும், அதாவது இழுக்கும் பாரமும், அதை எடுத்து எய்யப் போகிறவருக்காக. ஐம்பது அறுபது வருடம் கழித்து வயது கண்டுபிடிக்க உட்காருகிற நமக்காக யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. நாம்தான் ஒன்றோடு ஒன்றை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைக் குறியை நம்பி ஆண்டு சொல்பவரை நான் நம்புவதில்லை.

இவ்வளவு பழைய வில்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி எழலாம். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர், முனைகளில் கப்பி வைத்த வில்லுக்கு 1969 டிசம்பரில் பேடன்ட் வாங்கினார். இன்று காம்பவுண்ட் வில் என்று சொல்வது அதுதான். முழுதாக இழுத்துப் பிடித்தபின் கையில் பாரம் குறைந்துவிடும் என்பதால் வேட்டைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போனார்கள். அதுவரை வைத்திருந்த ரிகர்வ் வில்கள், அதாவது முனை வெளிப்பக்கம் வளைந்தவை, கராஜ் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டன. மாட்டியவர்களுக்கு வயதாகி இப்போது பேரப்பிள்ளைகள் அந்த வீடுகளைக் காலி செய்கிறார்கள். சந்தைக்கு வருபவற்றில் 1960-களையும் 70-களையும் சேர்ந்தவை அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பேர் ஆர்ச்சரி வில் என்றால் நான் முதலில் பார்ப்பது காசைத்தான். கைப்பிடிக்கு மேலே, அம்பு உரசிப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் மரத்தில் பதித்த ஒரு சின்ன வட்டம், அதில் கரடி. சேகரிப்பவர்கள் அதைக் காசு என்றுதான் சொல்வார்கள். இந்தக் காசு 1959-ல் வந்தது. அதற்கு முன்னால் கரடிப் படம் ஒட்டுப்படமாக இருந்தது. அதனால் காசு பதித்த வில்லை யாராவது 1953 என்றால் அந்த ஒரு காரணமே போதும், மேலே பேச வேண்டியதில்லை.

காசு எந்த உலோகம் என்பது அடுத்த படி. 1959-ல் செம்பு. அதன் பிறகு 1962 வரை அலுமினிய நிறம். 1963-லிருந்து 1970 வரை பித்தளை. 1971, 72-ல் நிக்கல் சில்வர். இவை எல்லாம் மரத்தோடு மட்டமாக இருக்கும், விரலால் தடவினால் மேடு தெரியாது. 1973-லிருந்து காசு மரத்தைவிட்டு மேலே புடைத்து நிற்கும். இதில் கண்ணைவிட விரல் நம்பகமானது. அறுபது வருட வார்னிஷ் மஞ்சளித்துப் போனபின் அலுமினியமும் பித்தளை போலத் தெரியும். வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். டார்ச் வெளிச்சம் மஞ்சளாக இருந்தால் அதுவும் ஏமாற்றும்.

இந்த ஆண்டுகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தொழிற்சாலை டிசம்பர் 31-ம் தேதி மிச்சமிருக்கும் காசுகளைக் குப்பையில் கொட்டிவிட்டு ஜனவரி 1-ம் தேதி புதுப் பெட்டியைத் திறக்காது. இருப்பது தீரும்வரை பழையதைத்தான் பதிப்பார்கள். எல்லை ஆண்டுகளில் ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்று வைத்துக்கொள்வது நல்லது. நான் வாகனத் துறையில் உதிரிபாகங்களோடு மாரடிக்கிறவன், அதனால் இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.

காசுக்கு அடுத்தது சீரியல் நம்பர். பேர் ஆர்ச்சரியில் இது 1965-ல்தான் ஆரம்பித்தது. 1965 முதல் 1969 வரை முதல் இலக்கமே ஆண்டு. 7-ல் ஆரம்பித்தால் 1967, 8-ல் ஆரம்பித்தால் 1968. இவ்வளவு நேர்மையான எண் வேறு எந்தக் கம்பெனி வில்லிலும் என் கையில் கிடைத்ததில்லை. 1970-லிருந்து கே (K) என்ற எழுத்தோடு தொடங்கும் எண்கள் வந்தன. அதிலிருந்து ஆண்டு சொல்ல முடியாது. கே எழுத்தைப் பார்த்தால் 1970 அல்லது அதற்குப் பிறகு என்று மட்டும் குறித்துக்கொண்டு காசுக்குத் திரும்ப வேண்டியதுதான். மரத்தோடு மட்டமாக இருக்கும் நிக்கல் சில்வர் காசும் கே எழுத்தும் சேர்ந்திருந்தால் 1971, 72 என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். காசு புடைத்து, எண் கே-யில் தொடங்கினால் 1973 அல்லது அதற்குப் பின்.

இரண்டும் முரண்பட்டால்? 6-ல் தொடங்கும் சீரியல், ஆனால் காசு புடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வில்லைச் சந்தேகப்பட வேண்டும். யாரோ காசை மாற்றியிருக்கலாம், அல்லது எழுத்தை மேலே புதிதாக எழுதியிருக்கலாம். தொழிற்சாலை எழுதிய மை பூச்சுக்கு அடியில் இருக்கும், நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. பூச்சுக்கு மேலே எழுதியது தட்டுப்படும். சில நேரம் பூச்சையே உரித்துப் புதிதாக அடித்திருப்பார்கள். அதில் தப்பில்லை, ஆனால் பழைய எழுத்து அதோடு போய்விடும்.

இன்னொரு சுலபமான வழி, ஊர்ப் பெயர். ஃபிரெட் பேரும் சார்லஸ் பைப்பர் என்பவரும் 1933-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய, பேர் ஆர்ச்சரிக்கு முன்னோடியான பேர் புராடக்ட்ஸ் கம்பெனிக்கு ஆரம்பத்தில் சோறு போட்டது விளம்பரங்களுக்கான ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை. வில்லும் அம்பும் பக்கத் தொழில். பிற்காலத்தில் அவர்கள் வில்லின் மேல் எழுத்துகள் அவ்வளவு சுத்தமாக, பொடியாக அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய தொழில்தான் நினைவுக்கு வரும். 1947-ல் பேர் ஆர்ச்சரி வடக்கே கிரேலிங் என்ற சின்ன ஊருக்குப் போனது. 1978-ல் புளோரிடா மாநிலத்தின் கெயின்ஸ்வில்லுக்கு. ஆகவே கெயின்ஸ்வில் என்று அச்சாகியிருந்தால் 1978-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. கிரேலிங், மிச்சிகன் என்றிருந்தால் அதற்கு முந்தியது.

கிரேலிங் எங்களுக்கு ஐ-75 நெடுஞ்சாலையில் நேரே வடக்கே. ஊருக்கு அந்தப் பெயர் ஒரு மீனால் வந்தது. ஒரு காலத்தில் அங்கே ஓடும் ஓ-சாபிள் ஆற்றில் நிறைந்திருந்த கிரேலிங் மீன், மரம் வெட்டியதாலும் அளவுக்கு மீறிப் பிடித்ததாலும் மிச்சிகன் ஆறுகளிலிருந்தே மறைந்துபோனது. இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆற்றில் படகு விடவும் ஹார்ட்விக் பைன்ஸ் காட்டில் பழைய பைன் மரங்களைப் பார்க்கவும்தான் போகிறார்கள். ஃபிரெட் பேர் அருங்காட்சியகமும் முன்பு அங்கே இருந்தது. கம்பெனியோடு அதுவும் புளோரிடா போய், இப்போது அந்தச் சேகரிப்பு மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பக்கம் நடக்கும் விற்பனைகளுக்கு ஒரு நடை போய் வருவது வீண் போகாது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இன்னும் அங்கே உண்டு. வில்லைப் பார்த்த மாத்திரத்தில் எந்த எழுத்து எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வாங்காவிட்டாலும் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுங்கள்.

காசுக்கும் கண்ணாடியிழைக்கும் முந்திய காலத்து வில் ஒன்று கிடைத்தால் அதில் ஒரு ஆளின் பெயர் இருக்கலாம். நெல்ஸ் கிரம்லி என்பவர்தான் அந்த ஆரம்ப நாட்களில் பேர் கம்பெனியின் வில் தச்சர். 1948 வரை அங்கே இருந்தார். அவர் செய்த மர வில்களில் "கிரம்லி செய்தது" என்று பொருள்படும் முத்திரை உண்டு. முழு மர வில், தோல் கைப்பிடி, அந்தப் பெயர் மூன்றும் சேர்ந்திருந்தால் நாண் மாட்ட ஆசைப்படாதீர்கள். அது எய்வதற்கான பொருள் இல்லை. 1950-ஐ ஒட்டிய சில வில்களில் மர அடுக்குகளுக்கு நடுவே அலுமினியத் தகடு வைத்திருந்தார்கள். அவை உடையக்கூடியவை என்று பெயர் வாங்கியவை. அவற்றுக்கும் இதே அறிவுரைதான்.

மாடல் பெயரை வைத்து மட்டும் ஆண்டு சொல்ல வராது. கிரிஸ்லி, சூப்பர் கோடியாக் போன்ற பெயர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து வருபவை, கடைக்குப் போனால் இன்றும் புதிதாக வாங்கலாம். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது ஒவ்வொரு காலத்திலும் வேறு. சூப்பர் கோடியாக் 1967-ல் அறிமுகமானது என்பதால் அதற்கு முந்திய ஆண்டு எதுவும் அதற்குப் பொருந்தாது. அந்த அளவுக்கு மட்டும் பெயர் உதவும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்டுக்காக. சேகரிப்பவருக்கு அது முக்கியம். எய்ய நினைப்பவருக்கு வேண்டியது வேறு இரண்டு எண்கள், நீளமும் பவுண்டும். இங்கேதான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

ஆன் ஆர்பரில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் கோடியாக் ஹன்டர் மாடல் வில் ஒன்றை வாங்கிவிட்டுக் கூப்பிட்டார். "அண்ணா, இதுல 45-னு போட்டு # குறி இருக்கு. ஏஎம்ஓ 60-னு ஒண்ணு இருக்கு. நாண் இல்லாமத்தான் கொடுத்தாங்க. கடைல 60 அங்குல நாண் கேட்டு வாங்கிட்டேன், மாட்டுனா தொளதொளன்னு இருக்கு."

"கடைல என்ன சொல்லிக் கேட்டீங்க தம்பி?"

"60 அங்குலம் வேணும்னுதான்."

"அதான். ஏஎம்ஓ 60-க்கு நாண்னு கேட்டிருக்கணும்."

ஏஎம்ஓ (AMO) என்பது அமெரிக்க வில் தயாரிப்பாளர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம். ஆளாளுக்கு ஒரு மாதிரி அளந்துகொண்டிருந்ததை ஒழுங்குபடுத்திப் பொது அளவு கொண்டுவந்தார்கள். அதன்படி ஏஎம்ஓ 60 என்றால் அந்த வில்லுக்கான நாண் 57 அங்குலம். அதாவது 3 அங்குலம் குறைவு. பழைய ரிகர்வ்களில் சில நேரம் 4 அங்குலம் வரை குறைக்க வேண்டியிருக்கும், மாட்டிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நாண் மாட்டியபின் கைப்பிடியின் பள்ளத்திலிருந்து நாணுக்கு ஏழரையிலிருந்து எட்டு அங்குலம் இடைவெளி வருகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் குறைந்தால் நாணைக் கழற்றி முறுக்கேற்றினால் போதும். நிறையக் குறைந்தால் நாணே நீளம், மாற்றிவிடுங்கள். ஏஎம்ஓ என்ற எழுத்து இல்லாத, 5 அடி 2 அங்குலம் என்ற மாதிரி அடிக்கணக்கில் எழுதிய 1950-களின் வில் என்றால் அந்த எண்ணை நம்பி நாண் வாங்காதீர்கள். ஒரு முனையில் நாண் மாட்டும் பள்ளத்திலிருந்து மறுமுனைப் பள்ளத்துக்கு வில்லின் முதுகு வளைவோடு நூல் வைத்து அளந்து, அதில் அந்த மூன்று நான்கு அங்குலத்தைக் கழித்துக்கொள்வது உத்தமம்.

நாண் எந்த இழை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எந்த முத்திரையும் சொல்லாது. பழைய வில்லுக்கு டேக்ரான் (பாலியெஸ்டர்) நாண்தான். ஃபாஸ்ட் ஃப்ளைட் போன்ற நீளாத இழைகள் 1980-களில் பரவியவை. அதற்கு முந்திய வில்களின் முனைகள் அந்த அதிர்ச்சியைத் தாங்குவதற்காகச் செய்யப்படவில்லை. நாண் முனையையே அறுத்துக்கொண்டு போய்விடும். கடைக்காரர் "இதுதான் வேகம்" என்று நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பவுண்டுக்கு வருவோம். 45-க்குப் பக்கத்தில் வரும் # குறி இங்கே பவுண்டைக் குறிக்கும். வில்லை 28 அங்குலம் இழுத்துப் பிடித்தால் கையில் 45 பவுண்டு, ஏறக்குறைய இருபது கிலோ, தெரியும் என்று பொருள். சில கம்பெனிகள் 28 என்பதையும் சேர்த்து எழுதும், சில எழுதாது. எழுதாவிட்டாலும் 28 என்றே வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை என்னவென்றால் எல்லோர் கையும் 28 அங்குலம் இழுக்காது. எனக்கும் அந்தத் தம்பிக்கும் 26-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு அங்குலம் குறையும்போதும் இரண்டிலிருந்து மூன்று பவுண்டு குறையும். ஆக அவர் கையில் அந்த 45 பவுண்டு வில் 40 பவுண்டு வில்தான். கை நீளமானவர் 30 அங்குலம் இழுத்தால் அதே வில் 50. வாங்கும்போது இந்தக் கணக்கை மனசில் போட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும். அதுவும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த பவுண்டு. சூடான கராஜில் நாண் மாட்டியபடியே வருடக்கணக்காகக் கிடந்த வில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தால் போதும், நாணில் மாட்டி உங்கள் நீளத்துக்கு இழுத்து நீங்களே அளந்துவிடலாம். முத்திரையில் இருப்பதற்கும் தராசு சொல்வதற்கும் மூன்று நான்கு பவுண்டு வித்தியாசம் வந்தால் நான் கவலைப்படுவதில்லை. பத்து பவுண்டு வித்தியாசம் வந்தால் உள்ளே எங்கோ அடுக்கு விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கழற்றி மாட்டும் வகை வில்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பேர் ஆர்ச்சரியின் டேக்டவுன் வில்லில் கைப்பிடி ஏ, பி, சி என்று வேறு வேறு நீளம், கைகள், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் மாட்டும் வளையும் பகுதிகள், 1, 2, 3 என்று வேறு வேறு நீளம். ஏ கைப்பிடியில் 1-ம் எண் கைகள் 56 அங்குலம், பி கைப்பிடியில் அதே கைகள் 60 அங்குலம். குட்டையான கைப்பிடியில் மாட்டினால் அதே கைகள் கூடுதல் பவுண்டு காட்டும். எஸ்டேட் சேலில் பெட்டி பெட்டியாக இவை கலந்து கிடக்கும். மேல் கையும் கீழ் கையும் ஒரே ஜோடிதானா என்பதை இரண்டிலும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மற்ற கம்பெனிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்கன்சாவின் பைன் பிளஃப் ஊரில் இருந்த பென் பியர்சன் கம்பெனி வில்களில் 709, 7050 போன்ற எண்களைப் பார்ப்பீர்கள். அவை மாடல் எண்கள். அதைச் சீரியல் நம்பர் என்று நினைத்து, "எண் சின்னது, ஆரம்ப காலத்து வில்" என்று விலை ஏற்றுபவர்கள் உண்டு. அதே எண் ஆயிரக்கணக்கான வில்களில் இருக்கும். ஹாய்ட் கம்பெனிக்கு ஊர்ப் பெயர் உத்தியே போதும். செயின்ட் லூயிஸ் அல்லது அதன் புறநகரான பிரிட்ஜ்டன் என்றிருந்தால் ஏர்ல் ஹாய்ட்டின் காலம். 1983-ல் அம்பு செய்யும் ஈஸ்டன் கம்பெனி வாங்கியபிறகு வந்தவை சால்ட் லேக் சிட்டி. ஷேக்ஸ்பியர் என்று எழுதிய வில்லைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அது மிச்சிகனின் கலமசூ ஊரில் தொடங்கிய தூண்டில் கம்பெனி, அதை ஆரம்பித்தவரின் பெயரே வில்லியம் ஷேக்ஸ்பியர்தான். தூண்டில் கம்புக்குக் கண்ணாடியிழை போட்டுப் பழகியவர்கள் வில்லுக்கும் வந்தார்கள். சியர்ஸ் மாதிரி பெரிய கடைகள் தங்கள் பெயரில் விற்ற வில்களும் நிறைய உண்டு. அவற்றைச் செய்தது யார் என்று முத்திரை சொல்லாது. நல்ல வில்லாக இருக்கலாம், ஆனால் சேகரிப்பு விலை கொடுக்காதீர்கள்.

மங்கிப்போன எழுத்தைப் படிப்பதற்கு ஒரு வழி. வெள்ளை மையில் எழுதியது வெயிலில் கரைந்து நிழல் மாதிரிதான் இருக்கும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச்சை வில்லோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து போனில் படமெடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத இலக்கங்கள்கூட எழும்பி வரும். அசிட்டோன், தின்னர், உப்புத்தாள் மூன்றையும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது எடுத்துப்போக வந்தால் முதலில் எல்லாக் குறிகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து அழிந்த பளபளப்பான வில்லைவிட, எழுத்து இருக்கும் அழுக்கு வில்லுக்குத்தான் சேகரிப்பவர் கூடுதல் விலை கொடுப்பார்.

எழுத்தெல்லாம் பார்த்து முடித்தபின், எழுத்து சொல்லாததைப் பாருங்கள். வில்லை நுனியிலிருந்து நுனிக்குக் கண்ணால் நேர் பிடித்துப் பார்த்தால் கை திருகியிருப்பது தெரியும். ஒரு மூலையில் சாய்த்து வைத்தே பல வருடம் ஓட்டிய வில்களில் இது சகஜம். லேசான திருகலை நிமிர்த்தலாம். பஞ்சு உருண்டையை ஓரங்களில் ஓட்டுங்கள், நூல் மாட்டிக்கொண்டால் அங்கே கண்ணாடியிழை விட்டிருக்கிறது. நீளவாக்கில் மயிரிழை போல ஓடும் கோடுகள் பல நேரம் பூச்சில் மட்டும்தான் இருக்கும், அவை பரவாயில்லை. குறுக்கே ஓடும் விரிசல் வேறு விஷயம். அம்பு இல்லாமல் வெறும் நாணை யாரோ இழுத்து விட்டிருக்கலாம். விற்பவர் வாசலிலேயே அப்படிச் செய்துகாட்ட வருவார், "பாருங்க, எவ்வளவு ஜோரா இருக்கு" என்று. கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். குறுக்கு விரிசலோ அடுக்குப் பிரிவோ இருக்கும் வில்லில் எவ்வளவு அபூர்வமான செம்புக் காசு இருந்தாலும் அது சுவரில் மாட்டத்தான். அதற்குத் தகுந்த விலையைச் சொல்லுங்கள், படியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள்.